இறுக மூடிய தூக்குவாளி

உச்சிவேளை ஆகிவிட்டால் அய்யாத்துரை அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்துவிடுவார். சாமான் வாங்க வந்தவர் சொந்த மச்சினனாகவே இருந்தாலும் கொஞ்சம் காத்துக்கிடக்கத்தான் வேண்டும். மனைவி கோமதியம்மாள் அனுப்பிய எவர்சில்வர் தூக்குவாளியில் சோறும் குழம்பும் இருக்கும். வழியில் சிந்திவிடக் கூடாதே என்று மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் இறக்கி ஓர் அழுத்து அழுத்துவார். மூடி 'டப்' என்று உட்கார்ந்தால்தான் அவருக்கு மனசு ஆறும். ஆட்டோக்காரர் நாசர் அதை வாங்கிப்போய்ப் பொன்செல்வி வீட்டு வாசலில் வைத்து, ஒரு குரல் கொடுத்துவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்விடுவார்.

குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில், அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்கு எதிரே நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்றவள் பொன்செல்வி. சீசன் நேரத்தில் அருவிக்கு இருக்கிற கூட்டத்தில் பாதி அவள் கடைக்கும் இருக்கும். போகிறவர் கையில் சூடாக ஒன்றை வைத்து, "தின்னு பாருங்க, பிடிச்சா வாங்குங்க" என்பாள். புருஷன் செத்த பிறகும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. போன சீசனில் அடுப்பு சரிந்து எண்ணெய்ச் சட்டி அவள்மேல் கவிழ்ந்தது. பிழைத்தாள். ஆனால் புண் ஆறும்போது தோல் சுருங்கி, வலக்கை விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன. இடக்கையில் கட்டைவிரல் மட்டும் லேசாக அசையும். கன்னத்திலும் கழுத்திலும் தழும்பு.

ஊர் அவளை விட்டுவிடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் அரிசி கொடுத்தார், ஒருவர் சேலை கொடுத்தார். "பாவம், நீ ஒண்ணுஞ் செய்யாண்டாம், சும்மா இரி" என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் வேறு வழியில்லாமல் சும்மா இருந்தாள்.

ஒருநாள் அவளே வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்கு வந்தாள். திருநெல்வேலி டாக்டரம்மா ஓர் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார், அரசுக் காப்பீட்டில் ஒரு பகுதி கிடைக்கும், மீதிக்கும் மாசக்கணக்கில் அங்கே தங்கிப் பயிற்சி எடுக்கவும் சங்கம் உதவ வேண்டும் என்றாள்.

"என்ன ஆபரேசன்ம்மா?" என்று கேட்டார் சங்கத் தலைவரான அண்ணாச்சி.

"பிளாஸ்டிக் சர்ஜரி, அண்ணாச்சி."

அந்தச் சொல்தான் காரியத்தைக் கெடுத்தது. பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் சினிமாக்காரர்கள் மூக்கைச் செதுக்கிக்கொள்வது என்பதுதான் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது. செயலாளர் கிங்ஸ்லி, "மூஞ்சில பிளாஸ்டிக்க வச்சித் தைப்பாவளாமே. வெயிலுக்கு உருகிராதா?" என்று நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார். கூட்டம் சிரித்தது. "கைக்குத்தான் அண்ணாச்சி" என்று பொன்செல்வி சொன்னது அந்தச் சிரிப்பில் யார் காதிலும் ஏறவில்லை.

"செல்வி, அழகுல என்னம்மா இருக்கு?" என்றார் அண்ணாச்சி, உள்ளபடியே பாசமாக. "ஒன் மூஞ்சியப் பாத்து யாரும் ஒதுங்கிப் போவலியே. சோத்துக்கு நா இருக்கேன். அந்த ஆச மட்டும் வேண்டாம்."

சங்கம் கையை விரித்துவிட்டது. பொன்செல்வி மடங்கிக் கிடந்த தன் விரல்களைப் பார்த்தாள். "சரி அண்ணாச்சி. நீங்களாவது விரிச்சியளே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அண்ணாச்சிக்கு அப்போது அது விளங்கவில்லை.

சில நாள் கழித்து நாசர் தென்காசிக்குச் சவாரி போய்விட்டதால் அண்ணாச்சியே தூக்குவாளியைக் கொண்டுபோனார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. "சுடச்சுட இருக்கு, சாப்பிடும்மா" என்றார். "வைங்க அண்ணாச்சி, பெறவு சாப்பிடுதேன்" என்றாள் அவள். தெருமுனை வரை வந்தவருக்குக் குடையை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பொன்செல்வி தூக்குவாளியை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கி, மூடியின் விளிம்பைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மூடி அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பழக்கப்பட்ட வேலைபோல அதைச் சுவரோரம் தள்ளி வைத்தாள்.

"தெனமும் இப்படித்தானா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

அவள் திடுக்கிட்டாள். "ஜாஹிரா அக்கா பழக்கடைய அடச்சிட்டு வந்து தெறந்து தருவா. அவதான் பாத்திரத்தையும் கழுவிக் குடுத்தனுப்புவா."

"அவ சாயந்தரம்லா வருவா?"

"பசி பழகிட்டு, அண்ணாச்சி."

"ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"மதினி ஆசையா அனுப்புததுல என்னத்தக் கொற சொல்ல? சில நாளு குழம்பு ஊசிரும். அதுக்கு நீங்க என்ன செய்வீய."

அண்ணாச்சி மூடியைத் திறந்தார். அவருக்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. தரையில் உட்கார்ந்து, "அந்த ஆபரேசன் எதுக்குன்னு சொன்ன?" என்று கேட்டார்.

"இதுக்குத்தான். தொடையிலருந்து தோல எடுத்து வச்சி வெரலப் பிரிச்சி விடுவாவளாம். பேருதான் பிளாஸ்டிக். மூடியத் தெறக்கணும், சேலையக் கட்டணும், கரண்டியப் பிடிக்கணும்." பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மூஞ்சிக்கே கேட்டிருந்தாலும் அதுல என்ன தப்பு, அண்ணாச்சி?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தினமும் தன் கையாலேயே அவள் சோற்றை அழுத்தி மூடி அனுப்பியிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் அண்ணாச்சி அதே தூக்குவாளியை இறுக மூடி மேசைமேல் வைத்தார். "கிங்ஸ்லி, ரெண்டு கையையும் பொத்திக்கிட்டுத் தெறலே பாப்போம்" என்றார். கிங்ஸ்லி முட்டினார், இடித்தார், பக்கத்திலிருந்த டீயைக் கொட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கைவிரித்த சங்கம் அன்றைக்குக் கை கொடுத்தது.

ஆபரேஷனுக்குக் கோமதியம்மாள் கூடவே போய்த் தங்கினாள். அதன் பிறகு வந்த பயிற்சிதான் பெரிய பாடு. விரலை நீட்டும்போதெல்லாம் பொன்செல்விக்கு உயிர் போய் உயிர் வந்தது. சுண்டுவிரல் கடைசிவரை முழுசாக நிமிரவில்லை. மற்ற விரல்கள் நிமிர்ந்தன.

அடுத்த சீசன் சாரலில் அவள் கடை மறுபடியும் திறந்தது. அன்று சாயங்காலம் அவளே தூக்குவாளியைக் கொண்டுவந்து அண்ணாச்சி முன்னால் வைத்தாள். "வருசம் பூரா வெறும் பாத்திரமாத்தான் திருப்பித் தந்தேன், அண்ணாச்சி. இன்னைக்கு நெறச்சித் தாரேன்."

அண்ணாச்சி மூடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. வேட்டித் தலைப்பால் பிடித்துத் திருகினார். அப்போதும் வரவில்லை.

"இங்கன தாங்க" என்று வாங்கி, பொன்செல்வி ஒரே இழுப்பில் திறந்தாள். நேந்திரங்காய் வாசம் கடை முழுக்கப் பரவியது. ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அண்ணாச்சி அதை வாயில் போடாமல், பக்கத்தில் நின்ற கிங்ஸ்லியைப் பார்த்தார். "கேட்டியாலே. பாவம் பாவம்னு சொல்லி ஒரு மனுசிய மூலையில உக்கார வச்சிச் சோறு போடுதது ஒதவி இல்ல. அவ சோத்து மூடிய அவளே தெறக்கும்படி செய்யணும். அதுதாம்லே ஒதவி."

"பேசுனது போதும், தின்னு பாருங்க" என்றாள் பொன்செல்வி. எதிரே அவள் கடையில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். படியிறங்கியவள் திரும்பிச் சொன்னாள்: "மூடிய நல்லா அழுத்தி மூடுங்க, அண்ணாச்சி. சாரலுக்கு நமுத்துரும். தெறக்க முடியலன்னா என்னயக் கூப்புடுங்க."