பின்னால் நடந்த ஊர்வலம்

ஜெயபாய்க்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் குனிய முடியாது. இன்று குனியாமல் முடியாது. உதியன்குளங்கரைக்குத் தெற்கே அவள் பாட்டக் குத்தகைக்கு எடுத்த வயலின் வரப்பில், பறித்த நாற்று முடி முடியாகக் கிடந்தது. பொழுது சாய்வதற்குள் நடாவிட்டால் அத்தனையும் வாடிப் போகும்.

அதனால் மிஷன் ஆஸ்பத்திரி நர்சு சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சிக்காக, நடவுக்கு வந்த ஏழு பெண்களையும் வயலோரத் திடலில் வரிசையாக நிறுத்தித் தானும் சேர்ந்துகொண்டாள். கையை உயரத் தூக்கு. முஷ்டியை மடக்கு. விரி.

"எக்கா, ஆகாசத்தைப் பிடிச்சு இழுக்கணுமோ?" என்றாள் செல்லபாய்.

"இழு மக்கா. கிழிஞ்சா தைச்சுக்கிடலாம்."

சிரிப்பு அடங்குமுன் சாலையில் போலீஸ் வண்டி நின்றது. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் நடந்த நாட்கள். ஐந்து பேர் கூடி நின்றாலே தடை. ஏட்டு சதாசிவன் லத்தியோடு இறங்கி வந்தார்.

"எந்தடீ இது? முஷ்டி சுருட்டி ஜாதா படிக்குந்நோ? எல்லாம் வண்டியில் கேறு!"

போராட்ட ஊர்வலத்துக்கு ஒத்திகை என்றே ஏட்டு நினைத்துவிட்டார். ஜெயபாயின் கண் நாற்றுமுடிகளுக்கு ஓடியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏமானே, இது இடுப்பு வலிக்குள்ள கசரத்தாக்கும். இன்னும் உண்டு, பாருங்க. குனியுங்கட்டி!"

எட்டுப் பேரும் குனிந்தார்கள். குனிந்ததுதான் தாமதம், எட்டு ஜோடிக் கால்களும் தாமாகவே ஓர் அடி பின்னால் வைத்தன. குனிந்தால் பின்னால் போகவேண்டும். நடவுக்காரிகளின் கால்களுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

"நில்லுங்கட்டி!" என்று கத்திய ஜெயபாயும் போய்க்கொண்டுதான் இருந்தாள். இன்னோர் அடி. இன்னுமொன்று. திடல் முடிந்தது. எட்டுப் பேரும் தொப்புத் தொப்பென்று வயல் சேற்றில் உட்கார்ந்தார்கள்.

சதாசிவனின் மீசை துடித்தது. பிறகு தொப்பி கழன்று விழும்படி சிரித்தார்.

"பின்னோட்டு போகுந்ந ஜாதா ஞான் கண்டிட்டில்ல! இவளுமார் கொடி பிடிச்சா நேரே கடலில் அல்லே போய் விழும்? போய் நடடீ, போ!"

வண்டி போய்விட்டது. வயிற்றைப் பிடித்துச் சிரித்ததில் இடுப்புப் பிடிப்பு எப்போது விட்டதென்று ஜெயபாய்க்கே தெரியவில்லை.

"எக்கா, கரை ஏறாண்டாமா?" என்றாள் செல்லபாய்.

"எதுக்கு? வயலுக்குள்ளதானே இருக்கோம். அந்த நாற்றுமுடியை எறி மக்கா!"