பெயர் ஒட்டாத பெட்டிகள்

உதிரிபாகக் கிடங்கில் ஒரு பெட்டியிலும் பெயர் இருக்காது. எது எங்கே என்பது ஸ்டோர்கீப்பரின் மண்டைக்குள் மட்டும் இருந்தது. எழுதி ஒட்டிவிட்டால் அப்புறம் தன்னை எவன் தேடுவான் என்பது அவர் கணக்கு. அந்த மண்டையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது, மகள் கல்லூரிக்குப் போனாள்.

ஆகவே ‘திறன் மேம்பாட்டுப் பயிற்சி’ என்று மேனேஜர் வாயெடுத்ததும் அவர் தன் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். போன தடவை பயிற்சிக்குப் போன டெஸ்பாட்ச் கிளார்க் சான்றிதழோடு திரும்பியபோது, அவர் நாற்காலி இருந்த இடத்தில் தண்ணீர் கேன் உட்கார்ந்திருந்தது.

“ரெண்டே நாள். எல்லாம் உங்க வளர்ச்சிக்குத்தான் சார்.”

“நான் இல்லாட்டி இவங்க திண்டாடிப் போயிடுவாங்களே!”

“போன்ல கேட்டுக்கறோம்.”

அந்த போனைத்தான் அவர் பயிற்சி அறையில் மடியில் வைத்து அடைகாத்தார். டை கட்டிய பயிற்சியாளர், ஆயுளில் ஒரு நட்டைக்கூட முடுக்கியிராத விரலை ஆட்டி, “உங்களுக்குள்ளே ஒரு சிங்கம் தூங்குது!” என்றார். எல்லோரும் கர்ஜிக்க வேண்டுமாம். ஸ்டோர்கீப்பரும் கர்ஜித்தார், ஒரு கண் போன்மேல். அது மூச்சு விடவில்லை. கெட்டுப்போயிற்றோ என்று மனைவியிடம் சொல்லித் தன் நம்பருக்குக் கூப்பிட வைத்தார். நன்றாகவே அடித்தது.

திரும்பி வந்தால், கிடங்கில் அத்தனை பெட்டியிலும் பளிச்சென்று பெயர். அடுக்கும் மாறியிருந்தது.

“யாரு சொல்லிக் கொடுத்தா?” என்று தன் உதவியாளர் பெண்ணைப் பிடித்தார்.

“இத்தனை வருஷமா நான்தானே எடுத்துத் தர்றேன், தெரியாதாண்ணே?”

“அப்புறம் எதுக்கு தினமும் எங்கே, எங்கேன்னு என் உயிரை வாங்கினே?”

அவள் பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்த்தாளின் ஓரத்தை நகத்தால் நீவிவிட்டாள். “கேட்டா உங்க முகம் மலருமே... அதுக்குத்தான்.”

மேனேஜர் வந்து முதுகில் தட்டினார். “பிரமாதம் சார்! நீங்க இல்லாமலே ஓடுது. இதுதான் தலைமைப் பண்பு! இனிமே உங்களை இங்கே முடக்கி வைக்கறது பாவம். அடுத்த மாசம் வேற இடம் பார்ப்போம்.”

எந்த இடம் என்று சொல்லவில்லை. ஸ்டோர்கீப்பர் உள்ளே சிங்கத்தை எழுப்பிப் பார்த்தார். அது புரண்டு படுத்துக்கொண்டது.

மேனேஜர் தலை மறைந்ததும் உதவியாளர் பெண் கேட்டாள்: “அண்ணே, சின்ன பெல்ட் எங்கே இருக்கு?”

அவர் விறுவிறுவென்று போனார். வழக்கமாகக் கை நீளும் இடத்துக்கே கையை நீட்டி, பெயரைப் பார்க்காமல் பெட்டியை இறக்கித் திறந்தார். உள்ளே திருகாணிகள்.

“பக்கத்துப் பெட்டிண்ணே,” என்றாள் அவள், மெதுவாக.