ஜெபக்குழுவுக்குப் போன வீடியோ

ஜெபிஷா மூன்று தடவை அடுப்பை அணைத்து மூன்று தடவை பற்றவைத்தாள். பால் இன்னும் காயவில்லை.

முந்தின நாள் துறைமுகக் கேட்டுக்கு வெளியே, டீக்கடையோரம் நின்று அவள் போனில் பிடித்த இருபது விநாடி வீடியோதான் காரணம். லாரி டிரைவர் சுடலைக்கண்ணன் கைகட்டி நிற்கிறான், போலீஸ்காரர் அறைகிறார். ஆனால் போலீசை அடித்ததாக அவனைத்தான் ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள். அவள் படம் பிடித்தது தெரிந்து, இன்று பதினோரு மணிக்குப் போனோடு வரும்படி எஸ்.ஐ. சொல்லிவிட்டார்.

"அழிச்சிரு ஏளா," என்றான் கணவன் பிரைட்டன். துறைமுகச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. துறைமுகத்துக்குள் போகும் பாஸைப் புதுப்பிக்க அதே ஸ்டேஷன்தான் கடிதம் தரவேண்டும். "என் லெட்டர் அந்த எஸ்.ஐ. மேசையிலதான் கெடக்கு."

"அழிச்சா அவன் கதி என்னங்க?"

பிரைட்டன் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தான்.

நாசரேத்தில் வக்கீலாக இருக்கும் அண்ணன் ஜெபராஜுக்கு அனுப்பலாமென்று, பதற்றத்தில் 'ஜெப' என்று தட்டி, முதலில் வந்த பெயரைத் தொட்டாள். அது சர்ச் பெண்களின் வாட்ஸ்அப் ஜெபக்குழு. அவள் சொந்தத்தில் பாதிப் பேரின் பெயரும் 'ஜெப'வில்தானே தொடங்கும்! அரை நிமிடத்தில் "ஆமென்" குவிந்தது. "அந்தத் தம்பி பேரென்னம்மா? ஜெபிக்கோம்." "அடிச்சவரையும் கர்த்தர் தொடட்டும்."

"எத்தன பேரு இருக்காவ?"

"எழுபத்திரெண்டு."

பிரைட்டன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அவள் போனில் கூப்பிட்டுச் சொன்னதும் அண்ணன் சிரித்தே விட்டான். பிறகு நிதானமாகச் சொன்னான்: "நடுரோட்டுல டியூட்டி பாக்குத போலீசப் படம் எடுக்கது குத்தமில்ல. போனக் கேட்டா, வாங்கிக்கிட்டோம்னு எழுதித் தரச் சொல்லு."

பதினோரு மணிக்கு இருவரும் ஸ்டேஷனில் போய் நின்றபோது எஸ்.ஐ. நிமிரவில்லை. "ஹார்பர்ல படம் எடுக்கக் கூடாதுன்னு தெரியாதாம்மா?"

"கேட்டுக்கு வெளிய சார். ரோட்டுல."

"இங்க வச்சே அழி."

அவள் கையிலிருந்த போனைப் பிரைட்டன் வாங்கினான். அழிக்கத்தான் போகிறான் என்று நினைத்தாள் ஜெபிஷா. அவன் அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"போன் வேணும்னா எழுதிக் குடுங்க, தாரோம். அழிச்சும் பிரயோஜனமில்ல சார். எழுபத்திரெண்டு பேருக்குப் போயாச்சு, ஜெபத்துல வச்சிருக்காவ."

"அப்ப ஒம்ம லெட்டர்?"

"கெடக்கட்டும் சார்."

சொல்லிவிட்டானே தவிர, வெளி பெஞ்சில் உட்கார்ந்து பழைய பாஸை எடுத்துத் தேதியைப் பார்த்தான். ஜெபிஷா அதன்மேல் கைவைத்தாள்.

"வீட்டுக்குப் போவமாங்க?"

"அவன விடுத வரைக்கும் இங்கனயே இருப்போம்."

ஒரு மணிக்குச் சுடலைக்கண்ணன் செருப்பைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தான். "கேஸ் இல்லையாம்க்கா. போகச் சொல்லிட்டாவ."

"சாப்ட்டியா?" என்றாள்.

பிரைட்டன் எழுந்து எஸ்.ஐ. அறைப் பக்கம் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது.

"லெட்டர நாளைக்கு வந்து கேப்பம்ங்க. ரெண்டு பேரும் வருவோம்," என்றாள் ஜெபிஷா.