மூன்றாம் ஓலை

வக்கீல் வெங்கடரமணன் பத்திரிகைத் துண்டை மேசைமேல் விரித்து உள்ளங்கையால் நீவிவிட்டபோது, மகன் பிழைத்துவிட்டான் என்றே ராயம்மாளுக்குத் தோன்றியது. செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை மாடியில்தான் அவருடைய அறை. எப்போதும் எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி பேசுகிற மனிதர், அன்றைக்குச் சிரித்தார்.

"ஒம் புள்ள இன்னா ஒசரம் இருப்பான்?"

"வாசக்கால்ல இடிச்சிக்குவானுங்க. குனிஞ்சிதான் உள்ள வருவான்."

"அதான். சீமையில கண்டுபிடிச்சிருக்கான். இந்த மாதிரி நெட்டையா இருக்கற கைதிங்க சில பேருக்குப் பொறவியிலயே ஒண்ணு கூடுதலா இருக்குதாம். குரோமோசோம்னு பேரு. ரத்தத்தைப் பார்த்தா தெரியுமாம். இவன் அடிக்கல, அதுதான் அடிச்சிதுன்னு சொல்லிடலாம். தூக்கு விழாதும்மா."

ராயம்மாள் தலையாட்டினாள். மகன் காஸ்பர் ஏன் அடித்தான் என்பது ஊருக்கே தெரியும். மல்லாட்டைக் கடலை மூட்டை ஒன்று குறைகிறது என்று சொல்லி, நிலக்காரன் துரைராஜ் அவள் புருஷனைக் களத்தில் எல்லார் முன்னாலும் செருப்பால் அடித்தான். அன்று பொழுது சாய்வதற்குள் காஸ்பர் மண்வெட்டியைத் தூக்கினான், துரைராஜ் செத்தான். புருஷனும் அந்த அவமானத்திலேயே படுத்தவர் எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்தார். செருப்படியைப் பார்த்தவர்களில் சாட்சி சொல்ல ஒருத்தன் வரவேண்டுமே. எப்படி வருவான்? துரைராஜ் வீட்டு நிலத்தில்தானே அத்தனை பேருக்கும் கஞ்சி. கண்ணால் கண்டதைச் சொல்ல ஊரில் ஒரு நாக்கு இல்லை, யாரும் காணாத ஒன்றைச் சொல்லச் சீமையிலிருந்து பேப்பர் வருகிறது. வந்தவரைக்கும் லாபம் என்று நினைத்துக்கொண்டாள்.

"கோர்ட்டுல கேட்டா, சின்னதுலேர்ந்தே அவன் முரடன்னு சொல்லணும். சொல்லுவியா?"

கோழி அறுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளை அவன். "சொல்றேங்க" என்றாள். படியிறங்கப் போனவள் நின்று கேட்டாள். "ரத்தத்துல இருக்குதுன்னா, அது எங்கேர்ந்துங்க வருது?"

"பெத்தவங்ககிட்டேர்ந்துதான். வேற எங்கேர்ந்து வரும்?" என்றார் வக்கீல், அடுத்துக் காத்திருந்த கட்சிக்காரனைப் பார்த்தபடி.

பஸ் ஜன்னலில் ராஜகிரி மலை பின்னால் போகப்போக, பெற்றவர்களிடமிருந்து வருவதென்றால் மகளுக்கும் இருக்குமே என்று நினைத்தாள். மகள் அருளம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "அண்ணன் செஞ்சதுக்குத் தங்கச்சி இன்னா பண்ணுவா" என்று சொல்லிக் கட்டிக்கொள்ள வந்த தங்கமான பிள்ளை ஜோசப்ராஜ். மாதா கோயிலில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்று ஞாயிறு சாமியார் பெண் மாப்பிள்ளை பேரை வாசிப்பார். கல்யாணத்துக்கு விக்கினம் ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லியாக வேண்டும், தெரிந்தும் மறைத்தால் பாவம். மூன்றாம் ஓலைதான் பாக்கி.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் அந்த ஞாயிறு கோயிலுக்குப் போனாள். ஆனால் "தெரிந்தும் மறைத்தால்" என்று சாமியார் வாசித்ததும் அவளுக்குக் கோர்ட்டு ஞாபகம் வந்தது. பிள்ளை ரத்தத்தில் இருக்கிறது என்று கோர்ட்டில் சொல்லப் போகிறவள் கோயிலில் கமுக்கமாக உட்கார்ந்திருந்தால் மாதா சும்மா விடுவாளா? இப்படி மறைத்ததற்குக் காஸ்பரைத் தூக்கில் ஏற்றிவிடமாட்டாளா? பெண்ணுக்கு இன்னொரு மாப்பிள்ளை வருவான். போன உயிர் வராது. எழுந்து நின்றாள்.

"சாமி, எங்க ரத்தத்துல ஏதோ ஒண்ணு கூடுதலா இருக்குதாம். வக்கீல் ஐயா சொன்னாரு. காஸ்பருக்கு இருந்தா இவளுக்கும் இருக்குமில்ல. மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன்."

ஜோசப்ராஜின் தாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே அவனும் போனான். அருளம்மாள் முட்டி போட்டபடியே இருந்தாள், தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். முகம் பழையபடி எழவு முகமாகியிருந்தது.

"ஜட்ஜு பேப்பரைக் கையால தொடலம்மா. இங்க இதைச் சோதிச்சிச் சொல்ற டாக்டரு யாருன்னு கேக்கறாரு. நான் எங்க போவேன்? ஒன்ன விசாரிக்கவும் வேணாம்னுட்டாரு."

"கல்யாணமும் நின்னுபோச்சுங்க" என்றாள் ராயம்மாள். நடந்ததைச் சொன்னாள்.

வக்கீல் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "அட, இது ஆம்பளைக்கு மட்டும் வர்றதும்மா. பொண்ணுக்கு வரவே வராது. இதுலயே போட்டிருக்குதே." துண்டில் ஒரு வரியை விரலால் தட்டினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேங்க" என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். கண்ணாடி மேசைமேலேயேதான் இருந்தது. எடுத்துக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அருளம்மாள் உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கென்று வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, வாசக்காலையும் கழுவியிருந்தாள். மேல்கட்டையில் மட்டும், காஸ்பர் தலை பட்டுப் பட்டு எண்ணெய் ஏறிக் கறுத்திருந்த இடத்தை அப்போது தொடவில்லை. அண்ணன் வரும்வரைக்கும் இருக்கட்டும் என்றவள் அவள்தான்.

இப்போது செங்கல் துண்டால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அருளு, ஒனக்கு அது இல்லியாம்மே" என்றாள் ராயம்மாள்.

கை நிற்கவில்லை. கறை பனங்கட்டைக்குள் ஊறிப்போயிருந்தது, தேய்க்கத் தேய்க்க மினுங்கியது. நிலைப்படியில் நின்ற ராயம்மாளின் நரைத் தலைமேல் செங்கல் தூள் சிவப்பாக உதிர்ந்துகொண்டே இருந்தது.