எல்லாமே ஒன்று

எங்கள் கடையில் ஒரு புடவையில் நூல் இழுத்திருந்தால் அந்தப் பக்கத்தை உள்ளே மடித்து வைப்போம். வாங்குகிறவர் கேட்டால் காட்டுவோம். கேட்காதவருக்கு நாமாகப் பிரித்துக் காட்டினால் அது வியாபாரமில்லை, கிறுக்கு. கிள்ளான் நகரத் துணிக்கடையில் வளர்ந்த நான், இந்தப் பழக்கத்தோடு பெட்டாலிங் ஜெயாவில் சீவரத்தினம் முதலாளியின் பட்டறைக்கு எழுத்து வேலை பார்க்கப் போனதுதான் வினை.

எண்பத்தேழாம் வருடம். ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக்கூடம், பெரிய வளையமாகக் குழாய் போட்டு, அதற்குள் துகள்களைக் கற்றையாக ஓடவிட்டு மோதவைக்கப் போகிறதாம். ஓடுகிற கற்றை குழாயில் எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு கருவி வேண்டும். சாண் நீளக் குழாய், உள்ளே சட்டைப் பித்தான் மாதிரி நான்கு உலோக வட்டுகள். அறுபது செய்து தர எங்கள் பட்டறைக்கு ஆர்டர்.

ஒவ்வொன்றிலும் கற்றைக்குப் பதிலாக ஒரு கம்பியைக் கட்டி, அதை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, கருவி எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பது பவுனம்மாள் அக்கா. காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். வந்த எண்ணைக் குழாய்மேல் சாக்குக்கட்டியால் எழுதுவார். நான் அதைச் சீட்டில் டைப் அடித்துக் குழாயோடு கட்டுவேன்.

அக்கா எழுதியது 1.04, 0.97, 1.03. சரியாக 1.00 வந்திருக்க வேண்டும். ஐந்து விழுக்காடு வரை பிசகினாலும் ஏற்பார்கள் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஏற்கிற குறையை எதற்கு ஊரறியச் சொல்வது? எல்லாச் சீட்டிலும் 1.00 அடித்தேன். சாக்குக்கட்டி எழுத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்னேன்.

“துடைச்சா அப்புறம் நம்பர் போயிடும் தம்பி.”

“சீட்டுல இருக்குலா அக்கா.”

இருபத்துநான்கு குழாய்கள் சுபாங்கில் விமானமேறின. அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்திலிருந்து டெலக்ஸ் வந்தது: சீட்டுகள் மிகவும் நன்றாக இருக்கின்றன, எங்கள் எஞ்சினியர் ஹென்ரிக் வியாழன் வருகிறார்.

எங்கள் கடையில் சரக்கைப் புகழ்ந்தவர்கள் எல்லாரும் வாங்காமல் போனவர்கள். போதாக்குறைக்கு முதலாளி, “அளவு பிழைச்சா அளந்த ஆள் வீட்டுக்குத்தான்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஹென்ரிக் நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். மீதி முப்பத்தாறில் எதை எடுப்பானோ என்று அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்றாம் எண் குழாயை எடுத்தான். சீட்டில் 1.00. “என் கண்முன்னே அளந்து காட்டுங்கள்.”

அக்கா கம்பியைக் கட்டினார். முள் நின்றது. 1.04.

“பவுனம், கை தவறிட்டுதோ?” என்றார் முதலாளி.

“திரும்பப் பாக்குறேன் முதலாளி.”

மறுபடியும் 1.04. ஹென்ரிக் நோட்டில் ‘அளந்தவர்’ என்று எழுதி, பெயர் கேட்டான். அக்கா சீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த நேரத்திலும் என் புத்தி பேரம் பேசியது: இன்னும் ஒரு நிமிடம் சும்மா இரு, விஷயம் தானாக அடங்கும்.

“சீட்டு நான் அடிச்சது முதலாளி. அக்கா குடுத்த நம்பர் வேற.”

“என்ன காணும் சொல்லுறீர்! ஏன் மாத்தினீர்?”

“ஒன்னுன்னா பாக்க நல்லா இருக்கும்னு...”

முதலாளி அதை ஆங்கிலத்தில் சொன்னபோது ஹென்ரிக் கத்தவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான்.

“கற்றைக்கு ஓர் உதை கொடுத்து ஆடவிடுவோம். எந்த இடத்தில் எவ்வளவு ஆடுகிறது என்று உங்கள் கருவி சொல்லும். அதை வைத்துத்தான் கற்றை எங்கே பருக்கிறது, எங்கே இளைக்கிறது என்று கணக்கிடுவோம். கணக்கில் ஆட்டத்தின் வர்க்கம் வரும். ஆட்டம் நூற்றுக்கு நாலு பிசகினால் விடை எட்டு பிசகும். 1.04 என்று நீ சொல்லியிருந்தால் நாங்கள் வகுத்துக்கொண்டு போயிருப்போம். குறை எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. அது எத்தனை என்று தெரிந்தால் போதும்.”

அவர்கள் வாங்கியது சீட்டை. குழாய் அதோடு வந்தது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“போன இருபத்துநாலு?” என்று கேட்டான் ஹென்ரிக்.

“எல்லாமே நான் போட்ட ஒன்னு.”

“அவற்றை வளையத்தில் பொருத்திவிட்டார்கள். இனி கற்றையை ஓடவிட்டு அதை வைத்தே ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.” அனுப்பிய குழாய்களின் பட்டியலை எடுத்து, சீட்டை நம்ப முடியாது என்று ஒன்றாம் எண்ணிலிருந்து கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தான்.

முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. “பவுனம், இனி அளக்கிறதும் நீர், சீட்டு எழுதிறதும் நீர். இவர் பெட்டிக்கு ஆணி அடிக்கட்டும்.”

அக்கா தலையாட்டினார். ஆனால் கண் பட்டியலில் இருந்தது. “மிஸ்டர், பதினாலாம் நம்பர அடிக்க வேணாம். அது நெசமாவே ஒன்னு. மூனு தடவ அளந்தேன், ஒன்னுதான் வந்துச்சு. தம்பி, சொல்லுலா அவருகிட்ட!”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஹென்ரிக் பேனாவை நிறுத்தி அக்காவை மரியாதையாகப் பார்த்தான்.

“நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் சீட்டு இவருடையது” என்று சொல்லிவிட்டுப் பதினான்கையும் அடித்தான்.