ஐந்து கட்டை, ஒரு பேர்

…இந்த முடிச்சுதான் என்றைக்கும் மக்கர் பண்ணும், உப்புத் தண்ணி குடித்துக் குடித்துக் கயிறு கல்லாய்ப் போய்விட்டது, நகத்தால் நெம்பினால் நகம்தான் பெயருகிறது, பல்லால் கடிக்கலாம் என்றால் இருக்கிற பல் எத்தனை… வேறு நாளாக இருந்தால் இந்நேரம் கட்டுமரத்தை அவிழ்த்து ஐந்து கட்டையையும் மணலில் காயப் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பான் சின்னையன், இன்றைக்குக் கை ஓடவில்லை. எப்படி ஓடும்? வடக்கே கடற்கோயில் பக்கம் ஜீப் வந்து நின்றுவிட்டது, அந்த அம்மா இறங்கிவிட்டாள், கறுப்புக் குடை தெரிகிறது, ஒவ்வொரு கட்டுமரத்துக்கிட்டேயும் நின்று நின்று வருகிறது அந்தக் குடை. வரட்டும். வந்தால் தலையையா வாங்கிவிடுவாள்? கேட்பாள், பதில் சொல்ல வேண்டியதுதான். என்ன பதில்? அது தெரிந்தால் இந்த முடிச்சு எப்போதோ வந்திருக்குமே.

போன மாசமும் இதே இடம், இதே குடை. சௌந்தரவல்லி என்று பேர், செங்கல்பட்டிலிருந்து வந்தாள், வெயிலே படாத கை, ஆனால் கூசாமல் மணலில் குந்திவிட்டாள். மெட்ராஸில் அவள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் என்று ஒரு மெஷின் வந்திருக்கிறதாம், பீரோ பீரோவாக ஒரு ரூம் முழுக்க நிற்குமாம், கரையில் இருக்கிற மரம், வலை, ஆள் எல்லாவற்றையும் அட்டையில் ஓட்டை குத்தி அதற்குள் போடப் போகிறார்களாம், நாளைக்குப் புயலில் மரம் போனால் யாருக்குப் புது மரம் என்று அதுதான் சொல்லுமாம். பேர் இருந்தால் மரம், இல்லாவிட்டால் மண்ணு. சின்னையன் நம்பவில்லை. இத்தனை வயசில் எத்தனை ஜீப் பார்த்தாயிற்று, எழுதிக்கொண்டு போகிறவன் எவன் திரும்பி வந்தான்? ஆனால் இவள் மற்றவர்களைப் போல முதலில் பேரைக் கேட்கவில்லை, ஒரு குச்சியை எடுத்து மணலில் கட்டம் போட ஆரம்பித்தாள். "மெஷினுக்கு ஒண்ணுமே தெரியாது பெரியவரே, மரம்னா என்ன, ஆள்னா யாரு, எது யாரோடது, எல்லாத்தையும் முதல்லே நாமதான் படமாப் போட்டுக் குடுக்கணும், அப்புறம்தான் பேரெல்லாம். இதுதான் முதல் குப்பம். நீங்க சொல்றதுதான் படம்." ஒரு கட்டம், அது மரம். தள்ளி இன்னொரு கட்டம், அது ஆள். நடுவில் ஒரு கோடு, அது சொந்தம். "கோட்டோட அந்த முனையிலே ஒருத்தர்தானா, இல்லே ரெண்டு மூணு பேரும் இருக்கலாமா? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒருத்தர்தான்னா நாங்க ஒரு பேருக்குத்தான் இடம் வெப்போம்." ரெண்டு தடவை கேட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம், ரெண்டு தடவை கேட்டாளே. கரையே சுற்றி நின்றது, படிக்காதவன் வாயைப் பார்த்துக்கொண்டு படித்தவள் காத்திருந்தாள், அந்த ருசி இருக்கிறதே… "ஒருத்தருதாம்மா. ஒரு பொண்ணுக்கு ஒரு புருசன், ஒரு மரத்துக்கு ஒரு சொந்தக்காரன், இதுல இன்னா யோசனை?" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

சிரிப்பு. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காதெல்லாம் எரிகிறது. ஒரு மரத்துக்கு ஒரு சொந்தக்காரன் என்று சொன்ன வாய்க்கு, கையில் இருக்கிற இந்த மரமே ஒருத்தனுடையது இல்லை என்று தெரியாதா? நடுவில் இருக்கிற மூன்று கட்டை அவனுடையது. ஓரத்தில் இருக்கிற ரெண்டும் மச்சான் முத்துசாமி வாங்கிப் போட்டது, அடையாளத்துக்குக் காய்ச்சின கம்பியால் கட்டைக்கொரு சூடு வைத்திருக்கிறான் அதுகளுக்கு, மாட்டுக்கு வைக்கிற மாதிரி. மஞ்சக்காமாலையில் முத்துசாமி போய்ச் சேர்ந்த பிறகு அந்த ரெண்டு கட்டையும் அவன் பெண்டாட்டி கன்னியம்மாவுடையது. கன்னியம்மா யார்? சின்னையனின் கூடப் பிறந்த தங்கச்சி. மீனைக் கூறு போடும்போது மரத்துக்கென்று ஒரு கூறு ஒதுக்குவார்கள், அதில் அவள் கட்டைகளுக்கு உண்டானது அவள் கூடைக்குப் போகும், அதைத் தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம் போய் விற்றுவிட்டு வருவாள், அதில்தான் அவள் அடுப்பு எரிகிறது. இதற்கு எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது, கரைக்கே தெரியும். கரைக்குத் தெரிந்தது மெஷினுக்குத் தெரியாதே. நீ சொன்னால்தானே அதற்குத் தெரியும், சின்னையா? நாளைக்கு ஒரு புயல் வந்து இந்த ஐந்தையும் அடித்துக்கொண்டு போனால் உன் பேருக்குப் புது மரம் வரும், ஐந்து கட்டையும் உன்னுடையதாகவே வரும், அவள் கூடையை எடுத்துக்கொண்டு வந்து எந்தக் கட்டையின் பேரைச் சொல்லி நிற்பாள்? அண்ணன் கொடுப்பான் என்பாயா? நீ செத்துப் போனால் உன் பிள்ளை கொடுப்பானா? அவன் பெண்டாட்டி விடுவாளா?

அதுவாவது ஒரு வீட்டுச் சங்கதி, எப்படியாவது சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தான், நாலு நாளைக்கு முன்னால் சாலமோன் வந்து சொல்கிற வரைக்கும். பக்கத்து மரத்துக்காரன், வாய் நீளம். "இன்னா அண்ணாத்த, மெஷினுக்கே வாத்தியாராயிட்டியாமே? நேத்து வெண்புருஷம் குப்பத்துல எங்க சின்னம்மா போயி, அங்க ஒரு மரத்துல ஒரு கட்டை என்னுதுன்னு சொல்லிக்கீது. எழுதறவன் இன்னா சொன்னான் தெரியுமா? ஒரு மரத்துக்கு ஒரு பேருதாம்மா, ரெண்டாவது பேரு எழுத எடமே இல்ல, சின்னையன்னு ஒரு பெரியவரு சொல்லித்தான் அப்டி வெச்சிக்கீறோம்னான். நீ பெரிய ஆளுதான் போ, ஒரு டீ வாங்கிக் குடு." டீ வாங்கிக் கொடுத்தான். அவன் ஏதோ தன் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை விட்டதாகத்தான் நினைத்திருந்தான், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக் கடலோரம் பூராவுக்கும் சட்டமாக்குவார்கள் என்று யார் கண்டது? அந்த அம்மாதான் சொன்னாளே, நீங்க சொல்றதுதான் படம் என்று. வெண்புருஷத்தில் சாலமோனின் சின்னம்மா. தேவனேரியில் ஏசுதாஸின் அம்மா, அவளுக்கு ஒரு நடுக்கட்டை உண்டு. சதுரங்கப்பட்டினத்தில் அந்தக் கால் இழுக்கிறவள், பேர் மறந்துவிட்டது. புருசன் விட்டுப்போன ஒரு கட்டை, ரெண்டு கட்டையை அடுத்தவன் மரத்தில் கட்டி வைத்துப் பிழைக்கிறவள் கரைக்குக் கரை இருக்கிறாள், எல்லாருக்கும் வாசல் அடைத்தாயிற்று. யார் அடைத்தது? கோட்டு போட்ட ஆபீசர் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாத சின்னையன்.

ஆனால் அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறதே… இந்த நாலு நாளாக அதைத்தானே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பயம். சர்க்காரிடம் உள்ளதை உள்ளபடி சொல்கிறவன் உருப்பட்டிருக்கிறானா? ரெண்டு பேர் என்றால் ரெண்டு பேர் மேலேயும் வரி என்பார்கள், தங்கச்சியைத் தாலுக்கா கச்சேரிக்கு வா என்பார்கள், ரேகை வை என்பார்கள், அவளை எதற்கு இழுத்து விடுவானேன் என்று… ஆமாம், அவளைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னான். கெட்ட பொய் இல்லை. இப்படிச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அவளும் இது நாள்வரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அன்றைக்குக் கூட்டத்துக்குப் பின்னால் எங்கேயோ கூடையோடு நின்றிருப்பாள், காதில் விழுந்ததோ என்னவோ, மறுநாளும் காரப்பொடி மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தாள், உப்புக்கூடச் சரியாகத்தான் இருந்தது.

"இன்னா அண்ணாத்த, இன்னுமா அவுக்கிறே? தள்ளு." கன்னியம்மா. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள், எங்கேயோ ஒரு இழுப்பு இழுத்தாள், கயிறு பாம்பு மாதிரி நெளிந்து வந்துவிட்டது. ஐந்தும் தனித்தனியாக மணலில் சாய்ந்தன. கட்டினால் ஒன்று, அவிழ்த்தால் ஐந்து, இதைப் போய் எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது… அதைக்கூட அந்த அம்மா கேட்டிருப்பாள், சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். முதல் கட்டையை ரெண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு மேட்டில் போட்டார்கள். ரெண்டாவது. மூணாவது. கட்டை தண்ணி குடித்துக் கனத்தது, ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை. எத்தனை வருஷமாக இவள் அந்தப் பக்கம் பிடிக்கிறாள்? முத்துசாமி போன மறுவாரத்திலிருந்து. நாலாவதைப் போட்டுவிட்டு ஐந்தாவதைத் தூக்கி இடுப்பு உயரம் வந்தபோது, சூடு வைத்த வடு இவன் பெருவிரலுக்குக் கீழே தட்டுப்பட்டபோது, குடையின் நிழல் கட்டை மேல் விழுந்தது.

"சௌக்கியமா பெரியவரே? ஒரு தடவை சரிபார்த்துண்டு போகலாம்னு வந்தேன். மரம் ஒண்ணு. சொந்தக்காரர் சின்னையன். சரிதானே?" சரி என்றால் போய்விடுவாள். ஒரு வார்த்தை, ஒரு தலையாட்டல். "சரி இல்லம்மா." அவன் குரல் அவனுக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "இந்தக் கட்டை இவளுது. அதோ, சூடு வெச்சது கீதே, அதுவும் இவளுது. என் தங்கச்சி. வேற ஊர்லயும் இதுமாரி இருக்காங்கோ, நெறைய பேரு." சௌந்தரவல்லி குடையை மடக்கிவிட்டாள். முகத்தில் அடித்தாற்போல் நின்றாள். "நெறைய பேர்னா? அப்போ படமே தப்பு. எல்லாத்தையும் திரும்ப…" நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள், பிறகு கன்னியம்மா பக்கம் திரும்பினாள். "மாத்திடலாம். நான் பொறுப்பு. ஏம்மா, அவர் சொல்றது நிஜமா? நீங்களும் சொன்னாத்தான் நான் மேலே பேச முடியும்." கன்னியம்மா கட்டையைப் பிடித்தபடியே சொன்னாள்: "எனக்கேது மரம்? அண்ணாத்ததான் அன்னிக்கே சொல்லிச்சே. வெய்யில்ல இன்னாமோ பேசுது, நீ எழுதிக்கினு போம்மா."

அந்த அம்மா இவனைப் பார்த்தாள், கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு ரெண்டு தடவை கேட்டேனே பெரியவரே. ஏன் சொல்லலை? பயமா?" பயம். அந்த வார்த்தை தயாராக இருந்தது, நாலு நாளாகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தான், ஆமாம்மா பயந்துட்டேன் என்று சொல்லிவிட்டால் போதும், இவள் நம்பிவிடுவாள், படித்தவர்களுக்கு ஏழையின் பயம் என்றால் உடனே புரியும். வாயைத் திறந்தான். கட்டை கனத்தது. அந்தக் கனத்தில்தான்… கூட்டத்துக்குப் பின்னால் கூடையோடு எங்கே நின்றாள்? யார் சொன்னது அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள் என்று? அன்றைக்கும் ஐந்தாவது கட்டைதான். இதே மாதிரி ரெண்டு பேரும் தூக்கியபோதுதான் குடை வந்தது, இறக்கி வைத்துவிட்டுத்தான் அந்த அம்மா போட்ட கட்டத்தைப் பார்த்தான், அந்த முனையில் யார் என்று அவள் கேட்டபோது நிஜமாகவே யோசித்தான், கண்ணை இடுக்கிக்கொண்டு கடலைப் பார்த்து யோசித்தான். பயப்படவில்லை. மறைக்கவில்லை. ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரவில்லை, பக்கத்தில் நின்ற இவள்கூட, அவ்வளவுதான். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு திரும்பி, "உம், தூக்கு" என்றான், இவள் தூக்கினாள். பொய்யாகவாவது இருந்திருக்கக் கூடாதா? பொய் சொல்கிறவனுக்கு உண்மை எது என்றாவது தெரிந்திருக்கும், இவனுக்கு அதுகூட…

சௌந்தரவல்லி காத்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மா அவளைப் பார்க்கவில்லை, இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கும் இப்படித்தான் பார்த்தாளா, அன்றைக்கே தெரிந்துவிட்டதா இவளுக்கு, பொய்யில்லை, மறதி என்று, அதனால்தானா எனக்கேது மரம் என்கிறாள்…

"கீழ வெச்சிடலாமா அண்ணாத்த," என்றாள். "ரொம்ப நேரமா புடிச்சிக்கினு கீறேன்."