ஆறு வருடம் மூத்த பாலேந்திரா

1

இந்தக் கதைக்கு நான்தான் காரணம். 1988 கோடையில், யாழ்ப்பாணப் பள்ளிக்கூடமொன்றின் பழைய மாணவர்கள் தெற்கு லண்டனில் நடத்திய கிரிக்கெட் போட்டிக்கு நான் நடுவர். பாலேந்திரா பந்தை வீசவில்லை. முழங்கையை மடக்கி எறிந்தான். ஒரே ஓவரில் ஐந்து நோபோல் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவன் கிரிக்கெட் ஆடவில்லை.

(கிரிக்கெட்டில் எறிவது குற்றம். பேஸ்போலில் அதுதான் வேலை.)

2

குரோய்டன் மைதானத்தில் காலைப் பனி இன்னும்

[வேண்டாம். பனியில் தொடங்கும் கதைகள் போதும்.]

குரோய்டனில் ஒரு பேஸ்போல் குழு அவனைச் சேர்த்துக்கொண்டது. வேகமாக எறிய யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடிப்பவனை ஏமாற்ற, அதே கைவீச்சில் மெதுவாக எறியப் பழக இரண்டு கோடைகள் போயின. பெற்றோல் நிலைய ஷிப்ட் முடிந்ததும், ஸ்ட்ரெதம் வீட்டின் பின்சுவரில் சாய்த்துவைத்த மெத்தைக்கு நாளுக்கு நூறு பந்து. 1991இல் ஓர் அமெரிக்கத் தொழில்முறைக் குழுவின் ஆள் வந்து பார்த்தார். எடுப்பதாகச் சொன்னார். வயது மட்டும் இருபத்திரண்டைத் தாண்டக்கூடாது.

அவனுக்கு இருபது. பத்திரங்களில் இருபத்தாறு. அவனை லண்டனுக்கு அனுப்பிவைத்த ஏஜென்ட் கொடுத்த கள்ளக் கடவுச்சீட்டில் இருந்த பிறந்த திகதியை, விமான நிலையத்தில் பயத்தில் தன்னுடையது என்று சொல்லியிருந்தான். அது ஒட்டிக்கொண்டது.

3

பாலேந்திராவின் அண்ணன் யோகலிங்கத்தை முதலில் வில்லனாக எழுதினேன். பொருந்தவில்லை. அவன் மனைவி தவநாயகி விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தாள். அவளுக்காக நிரப்பிய படிவத்தில் தம்பியின் பொய்த் திகதியையும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தான். தம்பி திருத்தினால் அந்தப் படிவமும் பொய்யாகிவிடும்.

வெள்ளிக்கிழமை குடிவரவு அலுவலகத்துக்குப் போய்த் திகதியைத் திருத்தப்போவதாகப் பாலேந்திரா சொன்னான்.

“ஆறு வரியத்தை ஏஜென்ட் திண்டிட்டான். நீ என்ரை மனுசியையும் திண்டிட்டுப் போகப்போறியோ?”

“அவங்களுக்கு இருபது வயசு ஆள்தான் வேணுமாம், அண்ணை. அது நான்தானே.”

அன்று யோகலிங்கம் சாப்பிடவில்லை. [சாப்பிட்டான். கோபத்தில் இரண்டு கோப்பை சோறு. இதுதான் உண்மைபோல இருக்கிறது.]

4

ஒரு முடிவு: அவன் உண்மையைச் சொல்கிறான். அமெரிக்கா போகிறான். தவநாயகி

(இங்கே பேனா நின்றது.)

இன்னொன்று: பேசாமல் திரும்புகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறான். நன்றாகவே ஆடுகிறான்.

(இது இன்னும் மோசம்.)

5

வெள்ளிக்கிழமை. குரோய்டனில் குடிவரவு அலுவலகம். பாலேந்திராவின் எண் வருகிறது. ஷிப்டை விட்டுவிட்டு வந்த யோகலிங்கம் பின்வரிசையில் இருக்கிறான். தடுக்கவா, துணைக்கா என்று தம்பி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பெண் பிறந்த திகதியைக் கேட்கிறாள். பாலேந்திரா அண்ணனைத் திரும்பிப் பார்க்கிறான். யோகலிங்கம் எழுந்து கண்ணாடியை நோக்கி நடக்கிறான்.

பன்னிரண்டு அடி தூரம். நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். யோகலிங்கம் போய்ச் சேர்வதற்குள், பாலேந்திரா வாயைத் திறந்து என்ன சொல்லவேண்டும் என்று நீங்கள் முடிவுசெய்யுங்கள். சொல்லும்போது தவநாயகியும் அந்த வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.